மங்கிய அறைக்கு எந்தக் கீபோர்டு வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஆளுக்கொரு அறை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. கட்டிலில் குழந்தை தூங்கும், அதே அறையின் மூலையில் அப்பாவுக்கு லண்டன் அலுவலகத்தோடு கூட்டம் ஓடும். தங்கை படுத்துவிட்டாள், அண்ணனுக்கு நாளைக்குள் கட்டுரை முடிக்க வேண்டும். விளக்கைப் போட முடியாது, ஆனால் விசைகள் தெரிய வேண்டும். இப்படிப்பட்டவர்கள் பின்னொளி உள்ள, அதாவது விசைகளுக்கு அடியில் விளக்கு எரியும் கீபோர்டு வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் கேட்கும் கேள்விகள் இவை. மேசை முழுக்க வானவில் ஓட வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு இந்தப் பக்கம் அவ்வளவாகப் பயன்படாது.

எனக்கு உண்மையிலேயே பின்னொளி தேவையா?

பார்க்காமல் தட்டச்சு செய்யப் பழகியவர் என்றால் எழுத்துகளுக்குத் தேவையில்லை. எஃப், ஜே விசைகளில் இருக்கும் சின்ன மேடு விரலுக்கு வழி காட்டிவிடும். ஆனால் அப்படிப்பட்டவர்களும் எண் வரிசையிலும், எஃப்1 முதல் எஃப்12 வரையிலும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் விசையிலும் தடுமாறுவார்கள். கடவுச்சொல் அடிக்கும்போது இன்னும் மோசம். திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரியும், எந்தக் குறியீட்டைத் தப்பாக அடித்தோம் என்றே தெரியாது.

அறையில் நீங்கள் மட்டும்தான் என்றால், கீபோர்டுக்கு முன்னால் வேறொன்றைப் பாருங்கள்: திரையின் மேல் விளிம்பில் மாட்டும் நீள விளக்கு. நல்ல விளக்காக இருந்தால் வெளிச்சம் திரையில் படாமல் மேசையில் மட்டும் விழும். கீபோர்டும் தெரியும், குறிப்பேடும் தெரியும், கண்ணுக்கும் இதம். அறையில் இன்னொருவர் தூங்குகிறார் என்றால்தான் அது சரிவராது. மேசையே பளிச்சென்று தெரியும்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் புரண்டு படுப்பார். பின்னொளிக் கீபோர்டின் நியாயமான இடம் அங்கேதான்.

‘அதிகப் பிரகாசம்’ என்று விளம்பரம் செய்வதை வாங்கலாமா?

இருட்டறைக்கு வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது எவ்வளவு தூரம் மங்கும்?

விளக்கு அணைந்த அறையில் நம் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு மிகச் சிறிய வெளிச்சமே போதும். அந்த நிலையில் கடைக்கண்ணில் ஒரு பிரகாசமான கீபோர்டு எரிந்துகொண்டிருந்தால், பார்வை திரைக்கும் விசைக்கும் மாறும் ஒவ்வொரு முறையும் உறுத்தும். பலர் இதனால்தான் வாங்கிய ஒரே வாரத்தில் பின்னொளியை அணைத்துவிட்டு, பணம் வீண் என்று புலம்புகிறார்கள்.

மலிவான கீபோர்டுகளில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு படிகள்தான் இருக்கும். அதில் கடைசிப் படிகூட இருட்டறைக்கு அதிகம் என்பதுதான் சிக்கல். பத்துப் படிகளோ, மென்பொருளில் நூறு வரை நகரும் கோடோ இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், அணைக்கும் முன் இருக்கும் அந்தக் கடைசிப் படி எப்படி இருக்கிறது என்பது. இதை எந்தப் பெட்டியிலும் அச்சிட மாட்டார்கள்.

கடையில் இதை எப்படிச் சோதிப்பது? சிம் லிம் ஸ்குவேரிலும் ஃபுனானிலும் கடைகளுக்குள் அவ்வளவு வெளிச்சம். அங்கே எல்லாக் கீபோர்டும் ஒரே மாதிரிதான் தெரியும், எரிகிறதா இல்லையா என்பதே சந்தேகமாக இருக்கும். எனவே மிகக் குறைந்த படியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் குவித்து விசைகளின் மேல் கவிழ்த்து, இடுக்கு வழியே எட்டிப் பாருங்கள். கையில் பையோ சட்டையோ இருந்தால் அதைப் போர்த்தியும் பார்க்கலாம். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

வெளிச்சம் எழுத்து வழியாக வர வேண்டுமா, விசையைச் சுற்றி வர வேண்டுமா?

எழுத்து வழியாக மட்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சில கீபோர்டுகளில் விசையின் மேல்மூடி, அதாவது கீகேப், ஒளி புகாத பிளாஸ்டிக். வெளிச்சம் விசைகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் வழியும். பார்க்க அழகாக இருக்கும், எழுத்து மட்டும் தெரியாது. ஒவ்வொரு விசையும் கறுப்புக் கட்டமாகவும் சுற்றிலும் ஒளிக்கோடாகவும் நிற்கும். மேல்பகுதி கறுப்பு, பக்கங்கள் பால்போல ஒளி ஊடுருவும் கீகேப்களும் உண்டு. அவற்றை ‘புட்டிங்’ கீகேப் என்பார்கள். அவற்றில் எழுத்து தெரியும், ஆனால் பக்கங்களிலிருந்து வரும் வெளிச்சம் எழுத்தைவிடப் பல மடங்கு அதிகம். பகட்டுக்குச் சரி, படுக்கையறைக்கு வேண்டாம்.

விசையின் அடியிலுள்ள தகட்டின் நிறத்தையும் பாருங்கள். வெள்ளைத் தகடு ஒளியைத் திருப்பியடித்து எல்லாப் பக்கமும் சிதறவிடும். கறுப்புத் தகடு விழுங்கிக்கொள்ளும். விசைகள் சட்டத்துக்கு மேலே தூக்கலாக, மிதப்பதுபோல நிற்கும் வகையில் இன்னொரு தொல்லை உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து மேலிருந்து பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. சோபாவில் சாய்ந்தோ, தரையில் உட்கார்ந்து தாழ்வான மேசையிலோ வேலை செய்தால் கண் மட்டம் இறங்கிவிடும், அப்போது எல்இடியின் ஒளி சந்து வழியாக நேராகக் கண்ணில் குத்தும். நீங்கள் எப்படி உட்காருவீர்களோ அந்த உயரத்திலிருந்தே கடையிலும் பாருங்கள்.

பிபிடி எனும் பிளாஸ்டிக்கில் செய்த நல்ல கீகேப் வாங்கி மாட்டினேன். வெளிச்சமே வரவில்லையே?

கீகேப்பில் குறை எதுவும் இல்லை. சாயம் ஊறவைத்து எழுத்துப் பதிக்கும் பிபிடி கீகேப் முழுக்கவே ஒளி புகாதது. பின்னொளிக்கு வேண்டியது இரண்டு பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்துச் செய்யும் ‘டபுள் ஷாட்’ வகை, அதிலும் உள்ளே இருக்கும் எழுத்துப் பிளாஸ்டிக் ஒளி ஊடுருவுவதாக இருக்க வேண்டும். டபுள் ஷாட் என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. ‘ஷைன் த்ரூ’ என்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண் விசைகளில் எண் தெரிகிறது, அதன் குறியீடு தெரியவில்லை. ஏன் இப்படி?

கீகேப்புக்கு அடியில் அழுத்தத்தை உணரும் சுவிட்ச் இருக்கும். பெரும்பாலான சுவிட்சுகளில் எல்இடி நடுவில் இருப்பதில்லை. நடுவில் விசையின் தண்டு இருப்பதால் அதை மேல்பக்கமோ கீழ்ப்பக்கமோ தள்ளித்தான் வைக்க முடியும். மேல்பக்கம் வைத்தால் கீகேப்பின் மேல் பாதி நன்றாக ஒளிரும், கீழ்ப்பாதி மங்கும். நான்கு எழுதிய விசையில் டாலர் குறி மேலே, 4 கீழே என்று அச்சிட்டிருந்தால், குறி பளிச்சென்றும் எண் மங்கலாகவும் இருக்கும். உங்களுடையதில் அச்சு தலைகீழாகவோ எல்இடி கீழ்ப்பக்கமோ இருக்கும்.

நல்ல தயாரிப்பாளர்கள் இதைத் தெரிந்தே இரண்டையும் மேல்பாதியில் பக்கம் பக்கமாக அச்சிடுகிறார்கள். அப்படி இருப்பதை வாங்குங்கள். கீகேப்களைத் தனியாக வாங்கி மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் எல்இடியைக் கீழ்ப்பக்கம் வைத்த கீபோர்டைத்தான் விரும்புவார்கள், ஏனென்றால் ‘செர்ரி புரொஃபைல்’ எனும் குட்டையான கீகேப்கள் மேல்பக்க எல்இடி உள்ள சில சுவிட்சுகளில் இடிக்கும். அவர்களுக்கு எழுத்து ஒளிர்வது முக்கியமில்லை. இருட்டறைக்கு வாங்கும் உங்களுக்கு மேல்பக்க எல்இடிதான் வசதி. அவர்கள் எழுதும் விமர்சனங்களைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்என் விசையோடு சேர்த்து அடிக்கும் வேலைகளைக் கீகேப்பின் முன்பக்கச் சுவரில் அச்சிட்டிருந்தால், அது எந்தக் கீபோர்டிலும் பெரும்பாலும் ஒளிராது. பின்னொளியைக் கூட்டிக் குறைக்கும் விசையையே அங்கே போட்டு வைத்திருப்பார்கள், இருட்டில் அதைத் தேட வேண்டியதுதான்.

எந்த நிறம் நல்லது?

இரவில் மெல்லொளியைப் பார்க்க உதவும் கண்ணின் கோல் செல்கள் சுமார் 500 நானோமீட்டர், அதாவது நீலப்பச்சை ஒளிக்குத்தான் அதிகம் கூசும். சிவப்பு அவற்றை அவ்வளவாகச் சீண்டாது. வானியல் ஆர்வலர்கள் சிவப்பு டார்ச் வைத்திருப்பது இதனால்தான். உடம்பின் உறக்கக் கடிகாரத்தைத் தள்ளிப்போடும் கண் செல்களும் சுமார் 480 நானோமீட்டர் நீலத்துக்குத்தான் அதிகம் பதில் தருகின்றன. ஆக, சிவப்பு அல்லது ஆரஞ்சு கலந்த மஞ்சள் இரவுக்கு நல்ல தேர்வு.

நீலம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ணின் வில்லை சிவப்பையும் நீலத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. இருட்டில் நீல எழுத்தைச் சுற்றி ஒரு புகைபோலத் தெரிவது அதனால்தான். எழுத்து கூர்மையாக இருக்காது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பீர்கள்.

வெள்ளை? அது உங்கள் கீபோர்டைப் பொறுத்தது. ஒரே நிறக் கீபோர்டில் இருக்கும் வெள்ளை எல்இடி என்பது பெரும்பாலும் நீல ஒளி தரும் சில்லின் (சிப்) மேல் மஞ்சள் பூச்சு. அந்த நீலச் சில்லைச் சாத்தியமாக்கிய ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆர்ஜிபி கீபோர்டில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து எரிந்துதான் வெள்ளை ஆகும், எனவே கொஞ்சம் இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாய்ந்திருக்கும். நான் ஆர்ஜிபியைப் பரிந்துரைப்பது வேடிக்கைக்காக இல்லை. நிறத்தையும் மங்கலையும் நம் விருப்பப்படி வைத்துக்கொள்ள அதுதான் எளிதான வழி. ஆரஞ்சில் ஒரு நிறத்தை அசையாமல் நிறுத்திவிட்டு, அலை, சுழல், மூச்சு விடுவது போன்ற எல்லா ஆட்டத்தையும் மறந்துவிடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கீபோர்டிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சத்தைவிடத் திரையிலிருந்து வருவது மிக மிக அதிகம். திரையைப் பகல் பிரகாசத்தில் வைத்துக்கொண்டு, தூக்கம் வர வேண்டும் என்று கீபோர்டை மட்டும் சிவப்பாக்குவதில் பயனில்லை. முதலில் திரையைக் குறையுங்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது. அவருக்கும் இதே ஆலோசனைதானா?

இல்லை. வயதாக ஆகக் கண்மணி சுருங்கும், வில்லை மஞ்சளாகும். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உங்களுக்குக் கூசும் அளவு அம்மாவுக்குச் சரியாக இருக்கும். அவருக்கு வெள்ளை அல்லது மஞ்சள் ஒளி, கறுப்பு விசை, பெரிய எழுத்து. எழுத்தை விசை நிறையப் பெரிதாக அச்சிட்ட பின்னொளிக் கீபோர்டுகள் தனியாகவே கிடைக்கின்றன. நீலத்தை மஞ்சளான வில்லை தடுத்துவிடும், எனவே அவருக்கும் நீலம் வேண்டாம். முடிந்தால் அவரை இருட்டில் உட்கார வைக்காமல் ஒரு மேசை விளக்கு வாங்கிக் கொடுங்கள். எந்தக் கீபோர்டும் அதற்கு ஈடாகாது.

குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் கண் வலிக்கிறது. கற்பனையா?

கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கீபோர்டுகள் எல்இடியை உண்மையில் மங்கச் செய்வதில்லை. மிக வேகமாக அணைத்து ஏற்றுகின்றன. அணைந்திருக்கும் நேரம் கூடக் கூட நமக்கு மங்கலாகத் தெரியும். வேகம் போதாவிட்டால் சிலருக்குத் தலைவலி வரும். கைபேசிக் கேமராவைத் திறந்து கீபோர்டுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் நகர்ந்தால் அது துடிக்கிறது என்று அர்த்தம். பட்டை தெரிவதாலேயே உங்களுக்கு வலி வரும் என்றில்லை. ஆனால் ஏற்கனவே இந்தத் தொல்லை உள்ளவர்கள் கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டினால் ஒளிருமா?

பெரும்பாலும் ஒளிராது. ஒளி புகாத ஸ்டிக்கர் கீழே இருக்கும் ஆங்கில எழுத்தையும் சேர்த்து மறைத்துவிடும். கண்ணாடிபோன்ற ஸ்டிக்கரில் தமிழ் எழுத்து வெள்ளை மையில் அச்சிட்டிருக்கும். பகலில் அழகாகத் தெரியும், இருட்டில் ஆங்கில எழுத்து மட்டும் எரியும், தமிழ் எழுத்து நிழலாகிவிடும். பல பெற்றோர் பள்ளிப் பிள்ளைகளுக்காக வாங்கி ஏமாறும் இடம் இது.

முதலில் நீங்கள் எப்படித் தமிழ் அடிக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்துத் தமிழாக மாற்றும் முறை என்றால் ஸ்டிக்கரே தேவையில்லை. ஆங்கில எழுத்து ஒளிர்ந்தால் போதும்.

தமிழ் எழுத்துகளுக்கே விசைகளை ஒதுக்கும் தமிழ்99 என்ற அமைப்பு என்றால், ஸ்டிக்கர் இல்லாமல் பழகுவதுதான் இருட்டறைக்குச் சரியான வழி, அது நினைப்பதைவிட எளிது. விண்டோஸ், மேக் இரண்டிலும் அந்த அமைப்பு உள்ளேயே வருகிறது. உயிர் எழுத்துகள் எல்லாம் இடது கையில். மெய் வரிசை பெரும்பாலும் வலது கையில். மேடு உள்ள இரண்டு விசைகளில் எஃப் என்பது புள்ளி, ஜே என்பது ப. இடது சுட்டுவிரல் புள்ளியிலும் வலது சுட்டுவிரல் பகரத்திலும் உட்கார்ந்துவிட்டால் மீதி தானாக அமையும். சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைப் பழகாமல் விடுவது கொஞ்சம் வருத்தம்தான். 1997இல் முதல் தமிழிணைய மாநாடு இங்கேதான் நடந்தது, அதற்கு முன்னின்றவர் சிங்கப்பூர் எழுத்தாளரும் கணினித் தமிழ் முன்னோடியுமான நா. கோவிந்தசாமி. இரண்டு ஆண்டு கழித்துச் சென்னையில் நடந்த மாநாட்டிலிருந்துதான் தமிழ்99 பிறந்தது.

விசைக்கு விசை தனி நிறம் வைக்கக்கூடிய ஆர்ஜிபி கீபோர்டு இருந்தால் இன்னொரு வேலை செய்யலாம். க்யூ முதல் டி வரை, ஏ முதல் ஜி வரை, கீழே இசட், எக்ஸ், சி ஆகியவற்றுக்கு ஆரஞ்சு நிறம் கொடுங்கள். அவை உயிர்கள். நடுவில் எஃப் மட்டும் புள்ளி, அதற்குச் சிவப்பு. மற்ற எழுத்து விசைகளுக்கு வெள்ளை. எழுத்து தெரியாமலே உயிர் எது, மெய் எது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகள் இதை ஸ்டிக்கரைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பக்கத்தில் ஆள் தூங்கும்போது சத்தம் கேட்காத கீபோர்டு எது?

மெக்கானிக்கல் சுவிட்சுகளுக்கு நிறத்தால் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நிறத்துக்கும் எரியும் விளக்கின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. நீலச் சுவிட்ச் என்றால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ‘டிக்’ சத்தம். பகிர்ந்துகொள்ளும் அறையில் அதைக் கொண்டுவராதீர்கள். சிவப்பு, பழுப்பு இரண்டிலும் டிக் சத்தம் இல்லை, ஆனால் விசை அடியில் போய் இடிக்கும் சத்தம் உண்டு. உள்ளே ரப்பர் வைத்து அந்த இடியைக் குறைத்த ‘சைலண்ட்’ சுவிட்சுகள் தனியாக இருக்கின்றன.

மடிக்கணினியில் இருப்பதுபோன்ற தட்டையான கத்தரிக்கோல் வகை விசைகள் இயல்பிலேயே அமைதியானவை. இரவு வேலைக்கு என்னைக் கேட்டால் அவைதான். எந்த வகையானாலும் ஸ்பேஸ் பாரை மட்டும் தனியாக அடித்துப் பாருங்கள். அதிகம் சத்தம் போடுவதும், அதிகம் அடிபடுவதும் அதுதான். அடியில் ஒரு தடித்த மேசை விரிப்பும் போட்டுவிடுங்கள்.

வயர்லெஸ் வாங்கினால் பேட்டரி தாங்குமா?

பின்னொளிதான் பேட்டரியைத் தின்னும், தட்டச்சு இல்லை. லாஜிடெக் எம்எக்ஸ் கீஸ் என்ற பரவலான மாடலுக்கு நிறுவனமே தரும் கணக்கு: பின்னொளியோடு 10 நாள், அணைத்துவிட்டால் 5 மாதம். எம்எக்ஸ் மெக்கானிக்கல் என்றால் 15 நாள், 10 மாதம். வித்தியாசத்தைப் பார்த்தாலே புரியும். ‘மாதக்கணக்கில் ஓடும்’ என்று பெட்டியில் இருந்தால் அது விளக்கை அணைத்த கணக்கு.

இதனால்தான் வயர்லெஸ் கீபோர்டுகள் கையை எடுத்த கொஞ்ச நேரத்தில் விளக்கை அணைத்துக்கொள்கின்றன. ஒரு விசையைத் தட்டினால்தான் மறுபடி எரியும், அந்தத் தட்டல் திரையில் ஒரு வேண்டாத எழுத்தாக விழும். எம்எக்ஸ் கீஸில் கை கிட்டே வந்தாலே எரிகிற உணரி இருக்கிறது, அது நல்ல ஏற்பாடு. அறை வெளிச்சமாக இருந்தால் அதே கீபோர்டு தானாக விளக்கை அணைத்துவிடும். அதைப் பார்த்துப் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

நாள் முழுக்க ஒரே மேசையில்தான் வேலை என்றால் கம்பி போட்டதையே வாங்குங்கள். விளக்கு எப்போதும் எரியும், கவலை விட்டது.

மெல்லிய புளூடூத் கீபோர்டு வாங்கினேன், விளக்கு விசையே காணோம்?

அதில் பின்னொளியே இருக்காது. பலரும் வாங்கும் லாஜிடெக் கே380இல் இல்லை, மேக்குக்கு ஆப்பிள் தனியாக விற்கும் மேஜிக் கீபோர்டிலும் இல்லை. மேக்புக்கில் இருக்கிறதே என்று நினைத்து வாங்கி ஏமாறுபவர்கள் நிறைய.

மடிக்கணினியின் பின்னொளி சில விநாடிகளில் அணைந்துவிடுகிறது. மாற்ற முடியுமா?

பல மாடல்களில் முடியும். விண்டோஸ் அமைப்புகளில் தேடினால் கிடைக்காது. கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் பக்கத்திலோ, தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளிலோ இருக்கும். திங்க்பேடில் எஃப்என்னும் ஸ்பேஸும் சேர்ந்தால் பின்னொளி மாறும். 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏரில் பின்னொளிக்கான தனி விசைகளை எடுத்துவிட்டார்கள், கண்ட்ரோல் சென்டரில் மாற்ற வேண்டும்.

அலுவலகக் கணினியில் மென்பொருள் எதுவும் போட முடியாது. ஆர்ஜிபி வாங்கி என்ன பயன்?

நல்ல கேள்வி, வாங்கும் முன்பே கேட்க வேண்டியது. சில கீபோர்டுகள் நிறத்தைத் தம் உள்நினைவகத்தில் சேமித்துக்கொள்ளும். வீட்டுக் கணினியில் ஒருமுறை அமைத்துவிட்டால் அலுவலகக் கணினியில் செருகினாலும் அதே ஆரஞ்சு. சில கீபோர்டுகளோ மென்பொருள் ஓடாத நொடியில் வானவில்லுக்குத் திரும்பிவிடும். ‘ஆன்போர்டு மெமரி’ என்று இருக்கிறதா, விசைகளைக் கொண்டே நிறத்தையும் பிரகாசத்தையும் மாற்ற முடிகிறதா என்று கேளுங்கள். க்யூஎம்கே, வயா என்ற திறந்த மென்பொருளை ஏற்கும் கீபோர்டுகளில் அமைப்பு கீபோர்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

கணினியை அணைத்த பிறகும் கீபோர்டு இரவெல்லாம் எரிகிறது. என்ன செய்வது?

மேசைக் கணினி அணைந்த பின்னும் யுஎஸ்பிக்கு மின்சாரம் போகிறது. பயாஸில் ‘ஈஆர்பி’ என்ற அமைப்பை இயக்கினால் நின்றுவிடும். இல்லையென்றால் சுவரில் சுவிட்சை அணையுங்கள். கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் எப்போதும் கண்ணைக் குத்தும் நீலத்தில் எரிகிறதே என்பவர்களுக்கு: ஒரு சின்னத் துண்டு மின்காப்பு நாடா. தயாரிப்பாளர்கள் ஏன் அதை மட்டும் மங்கச் செய்ய மறுக்கிறார்கள் என்பது எனக்குப் புரியாத விஷயம்.

நம் ஊர் புழுக்கத்தில் எது சீக்கிரம் கெடும்?

ரப்பர்போல மெத்தென்று இருக்கும் பூச்சு. ஈரப்பதத்தில் அது சில ஆண்டுகளில் பிசுபிசுக்கத் தொடங்கும், அப்புறம் துடைத்தாலும் போகாது. கைவைக்கும் இடத்தில் அப்படிப் பூச்சு உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது எழுத்து. மலிவான பின்னொளிக் கீபோர்டுகளில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கின் மேல் கறுப்பு வண்ணம் பூசி, எழுத்தின் வடிவத்தில் லேசரால் சுரண்டியிருப்பார்கள். வியர்வைக் கையோடு தினமும் அடித்தால் வண்ணம் தேயும், எழுத்து மெல்ல அகன்று கடைசியில் ஒளித்திட்டாகிவிடும். டபுள் ஷாட் கீகேப்பில் இந்தப் பேச்சே இல்லை, எழுத்து கீகேப்பின் ஆழம் வரை போகிறது. ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக் என்றால் மேற்பரப்பு பளபளப்பாகும், பிபிடி அவ்வளவு சீக்கிரம் ஆகாது.

சிங்கப்பூரில் எங்கே வாங்கலாம்? திருப்பிக் கொடுக்க முடியுமா?

தொட்டுப் பார்த்து வாங்க ஃபுனான், சிம் லிம் ஸ்குவேர், பேரங்காடிகளில் இருக்கும் பெரிய மின்பொருள் கடைகள். விலையை முதலில் ஷாப்பியிலும் லஸாடாவிலும் பார்த்துக்கொண்டு போங்கள். நூறு வெள்ளிக்குள்ளேயே டபுள் ஷாட் கீகேப்போடு நல்ல கம்பிக் கீபோர்டு கிடைக்கும், அதற்கு மேல் கொடுப்பது பெரும்பாலும் வயர்லெஸுக்கும் கட்டமைப்புக்கும்தான். வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கினால் வரி மிச்சம் என்று நினைக்காதீர்கள். 400 வெள்ளி வரையிலான இறக்குமதிப் பொருள்களுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு.

இங்கே வணிகரிடம் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பொறுப்பு. ‘லெமன் சட்டம்’ என்று பேச்சில் சொல்லும் இந்த ஏற்பாடு 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ முதலில் கேட்கலாம். ஆனால் நான்கு விசைகள் எரியவில்லை என்பது குறை, எனக்கு வெளிச்சம் அதிகமாக இருக்கிறது என்பது குறையாகாது. கைகளைக் குவித்துக் கடையிலேயே பார்க்கச் சொன்னது அதற்காகத்தான்.

கரோசல் என்ற இணையச் சந்தையில் பழையது வாங்கலாமா?

வாங்கலாம். ஆர்ஜிபி மோகத்தில் வாங்கிச் சலித்தவர்கள் நல்ல கீபோர்டுகளைப் பாதி விலைக்கு விற்கிறார்கள். தனிநபரிடம் வாங்கும்போது மேலே சொன்ன சட்டம் துணைக்கு வராது, எனவே எம்ஆர்டி நிலையத்தில் சந்திக்கும்போதே சோதித்துவிடுங்கள். யுஎஸ்பி-சி கைபேசியில் சரியான இணைப்பு இருந்தால் கீபோர்டைச் செருகி அங்கேயே எல்லா விசையையும் அடித்துப் பார்க்கலாம். விளக்கைச் சோதிக்க நிறத்தை வெள்ளையில் வையுங்கள். மூன்று சில்லில் ஒன்று செத்திருந்தால், ஒரே ஒரு நிறத்தில் மட்டும் வைத்துப் பார்க்கும்போது தெரியாமல் போகலாம், வெள்ளையில் அந்த ஒரு விசை மட்டும் வேறு நிறத்தில் தனியாகத் தெரியும். சிவப்புச் சில்லு போயிருந்தால் நீலப்பச்சையாக இருக்கும். இருட்டறைக்கு ஆரஞ்சு வைக்க நினைப்பவர்கள் அந்தக் கீபோர்டை விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள், சிவப்பு இல்லாமல் ஆரஞ்சு வராது.